குதிரைப் பாதையில் இரண்டு இரவுகள்

கொடைக்கானலுக்கு மோட்டார் ஏறத் தொடங்குவதற்கு முன்னால் ஜனங்கள் எவ்வாறு அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை நம்மில் அநேகர் யோசித்துப் பார்ப்பதே இல்லை. வத்தலக்குண்டில் காப்பி சாப்பிட்டுவிட்டு, வளைவுகளில் வயிறு குமட்டாதிருக்க எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், சிறிது நேரத்தில் ஏரிக்கரையில் இறங்கிவிடுகிறோம். 7,000 அடி உயரம் ஏறினோம் என்ற நினைவே நமக்கு உண்டாவதில்லை.

1821-ஆம் ஆண்டில் வார்டு என்னும் வெள்ளைக்கார ராணுவ அதிகாரி பழனி மலைகளை அளந்தார். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள் மேலே இரண்டு பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். 1875-இல் ரயில் அம்மையநாயக்கனூருக்கு வந்தது. அந்த ஸ்டேஷனுக்கு இன்றைக்கும் 'கொடைக்கானல் ரோடு' என்றுதான் பெயர். அங்கே இறங்கியவர்கள் இரவெல்லாம் மாட்டு வண்டியில் குலுங்கி, பெரியகுளத்துப் பக்கம் மலையடிவாரத்துத் தோப்புக்கு வந்து சேர்ந்து, விடியற்காலையில் மேலே ஏறத் தொடங்குவார்கள். துரைமார் மட்டக் குதிரையின்மீது; துரைசானிமார் நாற்காலியில்; அந்த நாற்காலி நம்மவர் தோளில்; மூட்டை முடிச்சுகளோ நம்மவர் தலையில்! பிற்பாடு, முதல் உலக யுத்த காலத்தில், மோட்டார்ச் சாலை வேறு பக்கமாகத் திறந்தது. உடனே பழைய மலைப்பாதைகளைத் துரைமார் மறந்தார்கள். துரைமார் மறந்ததை நாமும் பக்தி சிரத்தையுடன் மறந்துவிட்டோம். ஆனால், அத்தகைய மலைப்பாதை ஒன்றின் நடுவில் ஓர் ஊர் இருக்கிறது. பாதையை மறந்தால் ஊரையும் மறந்ததாகத்தானே ஆகும்?

வெள்ளகவி என்பது அந்த ஊரின் பெயர். கீழே பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவி. மேலே கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல். இரண்டுக்கும் இடையில் மலையின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. "எங்க ஊர் வழியாத்தான் மொத மொத தொரையே மேல ஏறினான்" என்று ஊரார் பெருமையோடு சொல்லுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் அங்கே சென்றபோது, சக்கரம் என்ற ஒன்று அந்த ஊருக்குள் நுழைந்ததில்லை. அரிசி, பருப்பு, சிமெண்டு, பள்ளிக்கூடத்துப் புத்தகம் எல்லாம் மனிதர் தலையிலோ குதிரை முதுகிலோதான் வந்துகொண்டிருந்தன. எங்கள் கூடாரங்களும் சமையல் சாமான்களும் அப்படியே போகட்டும் என்று தீர்மானித்து, நான்கு குதிரைகளை அமர்த்திக்கொண்டோம்.

காட்டில் தங்குவது இப்போது முன்போல் நினைத்தவுடன் நடக்கிற காரியம் அல்ல. 2018 மார்ச்சு 11-ஆம் தேதியன்று, இதே தேனி ஜில்லாவில், போடி மலையிலுள்ள குரங்கணியில் காட்டுத் தீ பரவி, மலையேறப் போயிருந்தவர்கள் இருபது பேருக்குமேல் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. ஆகையால், வனத்துறையில் எழுதிக்கொடுத்து அனுமதி பெற்றோம். இரண்டு இரவும் காட்டுக்குள் அல்லாமல், பட்டா நிலத்துத் தோட்டங்களில் சொந்தக்காரர்களின் சம்மதத்துடன் கூடாரம் அடிப்பதாக ஒப்புக்கொண்டோம். தோட்டம் என்றதும் பாத்தி கட்டிய கத்தரித் தோட்டத்தை எண்ணிவிட வேண்டாம். பெரிய நிழல் மரங்களின் கீழே காப்பிச் செடி, நடுநடுவே ஆரஞ்சும் எலுமிச்சையும் மலைவாழையும், மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, ஓரங்களில் பலா—காடு எங்கே முடிந்து தோட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்று புதியவர்களால் சொல்லவே முடியாது.

எங்கள் குதிரைக்காரர் அறுபது வயதுப் பெரியவர். கூட வந்தவன் அவருடைய தங்கை மகன், இருபது வயதிருக்கும். "மருமகனே" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும், "இந்தா வந்துட்டேன் மாமா" என்று எந்தச் சரிவிலிருந்தும் ஓடி வருவான்.

கொடைக்கானல் ஏரிக்கரையில் பட்டணத்துக் குழந்தைகளைச் சுமந்துகொண்டு சுற்றும் குதிரைகளை நேயர்கள் பார்த்திருப்பார்கள். இவை அந்த ஜாதி அலங்காரக் குதிரைகள் அல்ல. நாலடிக்குச் சற்று உயரமான மட்டக் குதிரைகள். மயிர் கலைந்து, மண் படிந்து, பார்ப்பதற்குப் பரிதாபமாக இருக்கும். ஆனால் காலைப் பாருங்கள்! அடுத்த குளம்பை எந்தக் கல்லின்மீது வைப்பது என்று அவை யோசித்து வைக்கிற அழகு, பரீட்சைத் தாளில் யோசித்து எழுதுகிற மாணவனிடத்தில்கூட நாங்கள் கண்டதில்லை.

பொதி ஏற்றுவது ஒரு தனி சாஸ்திரம். முதலில் முதுகைத் தடவிப் பார்க்கிறார் பெரியவர். ஒரு சிறு முள்ளோ காய்ந்த மண்ணோ இருந்தால்கூடப் பத்து மைல் நடப்பதற்குள் புண்ணாகிவிடும். அதன்மேல் மடித்த கோணிகள். அதன்மேல் வைக்கோல் திணித்த மெத்தைச் சேணம். பிறகு வயிற்றுப் பட்டை. பட்டையை இழுக்கும்போது சில குதிரைகள் வேண்டுமென்றே மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளுமாம்! சிறிது தூரம் நடத்திவிட்டு, மூச்சு விட்டபிறகு இன்னொரு முறை இறுக்க வேண்டும். கடைசியில் இரண்டு பக்கமும் பொதி. ஒரு குதிரைக்கு அறுபது கிலோவுக்குமேல் அவர் ஏற்றுவதில்லை. ஆனால் எடையைக் காட்டிலும் முக்கியமானது சமன். ஒரு பக்கம் பாத்திரச் சாக்கு, மறுபக்கம் கூடாரச் சாக்கு. பாத்திரம் கொஞ்சம் லேசாக இருந்தது. பெரியவர் தராசு எதுவும் தேடவில்லை. கையால் ஒரு முறை தூக்கிப் பார்த்தார். கீழே கிடந்த கல் ஒன்றை எடுத்துப் பாத்திரச் சாக்கில் போட்டுக் கட்டினார்.

"வெயிட்டு கூடுமே, ஐயா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

"கூடினா குதுர தாங்கிக்கிடும் சார். சாஞ்சா தாங்காது" என்றார்.

பெரும்பாணாற்றுப்படையில் மிளகு மூட்டை சுமந்து வரும் கழுதைச் சாத்து ஒன்று வருகிறது. இரு பக்கமும் சமனாகத் தொங்கும் அந்த மூட்டைகளுக்குப் பலாப்பழத்தை உவமை சொல்லுகிறார் புலவர். வகுப்பில் இதை எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறோம். புலவரும் எங்கேயோ ஒரு பெரியவர் பொதி கட்டுகிறபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கத்தான் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றிற்று.

கும்பக்கரையிலிருந்து பாதை ஒரே ஏற்றம். அடிவாரத்தில் முட்புதரும் உண்ணிச் செடியும், வெயில் சுடுகிறது. கொஞ்சம் ஏறினதும் மரங்கள் உயர்ந்து நிழல் விழுகிறது. பழைய காலத்தில் பாவிய கற்கள் சில இடங்களில் படிபோல் நிற்கின்றன. பல இடங்களில் மழை நீர் அவற்றைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான், 2018 நவம்பர் 16-ஆம் தேதி, கஜா புயல் வேதாரணியத்துப் பக்கம் கரையேறித் திண்டுக்கல் மலைகள்வரை வந்து ஆடித் தீர்த்திருந்தது. வேரோடு சாய்ந்த மரங்கள் பாதையின் குறுக்கே இன்னும் கிடந்தன. மனிதர் குனிந்து போகிற அளவுக்கு ஊரார் கிளைகளை வெட்டியிருந்தார்கள்; பொதி ஏற்றிய குதிரைக்கு அது போதாது. இரண்டு இடங்களில் பொதிகளை இறக்கி, நாங்கள் சுமந்து அப்பால் வைத்து, குதிரைகளை வெறும் முதுகோடு கொண்டுபோய் மறுபடியும் ஏற்றினோம். ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. எங்களுடன் வந்த இரண்டு பெண்மணிகளும் எல்லோருக்கும் சரியாகச் சுமந்தார்கள் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருந்தால் வீட்டில் சோறு கிடைக்காது.

மாலை நான்கு மணிக்கு முதல் தோட்டம் வந்தது. நாங்கள் கீழே விழுந்தது போல் உட்கார்ந்துவிட்டோம். ஆனால் குதிரையோடு பிரயாணம் செய்பவனுக்கு முதல் உபசாரம் தனக்கு அல்ல என்பதை உடனே தெரிந்துகொண்டோம். பெரியவர் பொதிகளை இறக்கினார். சேணத்தை மட்டும் எடுக்கவில்லை. பட்டையைத் தளர்த்திக் கால் மணி அப்படியே நிற்க வைத்தார். வேர்த்த முதுகில் திடீரென்று குளிர் காற்றுப் படக் கூடாதாம். பிறகு தண்ணீர். ஓடையில் எங்களுக்கு மேல் பக்கத்தில் தண்ணீர் எடுக்கச் சொன்னார். குதிரைகளை நாற்பது அடி கீழே கொண்டுபோனார். தண்ணீர் குடித்து நெடுநேரம் கழித்துத்தான் ஊறவைத்த கொள்ளு. இந்த வரிசை மாறக் கூடாது. குதிரைக்கு வயிறு சிறியது. மனிதனைப்போல் வாந்தி எடுத்து அதனால் தப்பித்துக்கொள்ள முடியாது. உள்ளே போன தவறான ஆகாரம் வயிற்று வலியாகத் திரும்பி, சில மணி நேரத்தில் உயிரையே வாங்கிவிடும். கடல் வழியாக வந்த பெருங்குதிரைகளைப் பாண்டியர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள் என்றும், பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை மாண்டன என்றும் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறான். அந்த அரண்மனை லாயத்துக்கு நமது பெரியவரைப்போல் ஒருவர் கிடைத்திருந்தால், பாண்டியன் பொக்கிஷம் அவ்வளவு காலியாகியிராது!

நான்கு குதிரைகளில் ராணி என்ற பெட்டைக் குதிரையை மட்டுமே கட்டினார்கள். அதையும் மரத்தில் நேரே கட்டவில்லை. கயிறு உரசி மரப்பட்டை போய்விட்டால் தோட்டக்காரருக்கு நஷ்டம் அல்லவா? இரண்டு மரங்களுக்கு நடுவே, சாக்குத் துண்டு சுற்றி, தலை உயரத்துக்குக் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டி, அதிலே ராணியின் கயிற்றை முடிந்தார்கள். மற்ற மூன்றுக்கும் முன்னங்கால்களில் தளை. அவை தத்தித் தத்தி மேய்ந்துகொண்டே இருந்தன; ஆனால் ராணியின் கழுத்து மணி கேட்கிற எல்லையைத் தாண்டவில்லை.

எட்டு மணி இருக்கும். கல் அடுக்கி அதன் நடுவே மூட்டிய சிறு அடுப்பில் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. கீழே வெகு தூரத்தில் பெரியகுளத்து விளக்குகள் கொட்டி வைத்த அரிசிபோல் தெரிந்தன. "இப்படி ஓர் இடத்தில் மோட்டார் சத்தமே இல்லாமல் இருப்பது எவ்வளவு பாக்கியம்!" என்று எங்களில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ராணி தலையை நிமிர்த்திற்று. காது இரண்டும் மேல் பக்கம் திரும்பின. பெரியவரும் எழுந்து நின்றார். சில நிமிஷங்களுக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது: மேலே மரங்களுக்கிடையில் மூன்று நான்கு வெளிச்சங்கள் அசைந்து இறங்கி வந்தன.

அது ஒரு டோலி. நீண்ட மூங்கிலில் கம்பளியைத் தொட்டில்போல் கட்டி, முன்னால் இருவரும் பின்னால் இருவருமாகத் தூக்கி வந்தார்கள். தோள் மாற்றுவதற்கு இன்னும் நான்கு பேர். உள்ளே ஒரு வயதான அம்மாள். பகலிலிருந்து மார்பு வலியாம். மேலே வட்டக்கானலுக்கு ஏறுவதைவிடப் பெரியகுளத்துக்கு இறங்கிவிடலாம் என்று புறப்பட்டிருந்தார்கள். டோலியைக் கீழே வைக்கவில்லை. நின்றபடியே தண்ணீர் குடித்தார்கள். அம்மாள் கம்பளிக்குள்ளிருந்து, "யாரு அது, சின்னவனா? சாப்பிட்டியாப்பா?" என்று பெரியவரின் மருமகனைக் கேட்டாள்.

எங்களிடமிருந்த மின்சார விளக்குகளைக் கொடுத்தோம். சாய்ந்து கிடக்கும் மரங்களில் முதலாவதை எந்தப் பக்கமாகச் சுற்றினால் டோலியைச் சாய்க்காமல் போகலாம் என்று பெரியவர் விவரித்துக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் மருமகன் துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு ஒரு முனையில் புகுந்துவிட்டான். பத்து நிமிஷத்தில் வெளிச்சங்கள் மறைந்தன.

"குதிரையில் ஏற்றிப் போகக் கூடாதா?" என்று கேட்டோம். பெரியவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்:

"எறக்கத்துல குதுர ஒவ்வொரு அடிக்கும் தூக்கித் தூக்கிப் போடும் சார். ஒக்காரத் தெம்பிருக்கிறவன் ஒக்காரலாம். பொதிக்கு நோவு தெரியாது; மனுசனுக்குத் தெரியும்ல? புள்ளத்தாச்சிப் பொண்ணுகள எல்லாம் இப்பிடித்தான் தூக்குறோம். என் வீட்டுக்காரியவும் இப்பிடித்தான் தூக்குனேன்."

அப்புறம் என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை. மோட்டார்ச் சத்தம் இல்லாத பாக்கியத்தைப் பற்றியும் அன்று இரவு யாரும் பேசவில்லை.

பொழுது விடிந்து வெகு நேரத்துக்குப் பிறகு மருமகன் திரும்பி வந்தான். அம்மாளைப் பெரியகுளம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம்; ஊசி போட்டிருக்கிறார்களாம்; பேசுகிறாளாம். சொல்லிவிட்டு இரண்டு டம்ளர் காப்பியைக் குடித்தான். ஒரு மணி நேரம் சாக்கின்மேல் தூங்கினான். எழுந்து பொதி ஏற்ற ஆரம்பித்துவிட்டான்.

அன்று மத்தியானம் வெள்ளகவியை அடைந்தோம். ஊர் எல்லையில் பாதரட்சையைக் கழற்றிவிட வேண்டும். ஊர் முழுவதையும் கோயிலாகப் பாவிப்பதால், உள்ளே யாரும் செருப்புப் போடுவதில்லை. கலெக்டரானாலும் கையில்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இரும்பு லாடம் அடித்துக்கொண்டு தெருவில் நடக்கிற உரிமை குதிரைகளுக்கு மாத்திரம் உண்டு. அவையும் அந்த உரிமையைக் கல் தரையில் டக்டக்கென்று சத்தமிட்டு நிலைநாட்டிக்கொண்டு போயின.

நெருங்கி நிற்கும் சிறிய வீடுகள். வாசலில் காயும் காப்பிக் கொட்டை. எங்கு திரும்பினாலும் ஒரு தெய்வம். ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. அதற்குமேல் படிக்கிற குழந்தைகள் கீழேயோ மேலேயோ விடுதிகளில் தங்குகின்றன. பத்து வயதுக் குழந்தையைப் பிரிய மனமில்லாமல் படிப்பை நிறுத்திவிட்ட ஒரு தாயை அங்கே கண்டோம். எங்கள் தொழிலுக்கு அதைக் காட்டிலும் பெரிய கண்டனம் வேறு வேண்டியதில்லை.

திண்ணையில் சாலையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. காப்பித் தோட்டக்காரர் ஒருவர், விலையில் ஒரு பங்கைச் சுமை கூலியே தின்றுவிடுகிறது என்றார். மற்றொருவர், சாலை வந்தால் நிலத்தை வெளியூர்க்காரன் வாங்கி விடுதி கட்டிவிடுவான். அப்புறம் நம்முடைய பிள்ளை அங்கே தட்டுக் கழுவப் போவான் என்றார். இரண்டும் நியாயமாகத்தான் பட்டது. காடும் ஒரு கட்சி அல்லவா? சோலை மரத்தை வெட்டிச் சரிவைக் குடைந்தால் அடுத்த பெருமழைக்கு மண் சரியும். கும்பக்கரைக்கு வரும் பாம்பாற்றுத் தண்ணீர் கலங்கும். இதையெல்லாம் நாங்கள் எடுத்துச் சொன்னபோது ஓர் இளைஞர் பணிவோடுதான் கேட்டார்:

"ஐயா, நீங்க சொல்றது வாஸ்தவம். கொடைக்கானலுக்கு ரோடு போட்டப்ப மரம் வெட்டலீங்களா?"

எங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. கோடையில் குளிர்ச்சி தேடிப் போகிறவர்களுக்காக வெட்டின மரத்துக்குக் கணக்கில்லை. நெஞ்சு வலிக்காரிக்காக வெட்டும் மரத்துக்கு மட்டும் கணக்குக் கேட்பது நமக்குச் சுலபமாக இருக்கிறது. அகலமான மோட்டார்ச் சாலைதான் வேண்டும் என்று எங்களால் சொல்ல இயலவில்லை. ஆனால் பழைய கற்பாதையைச் செப்பனிட்டு, ஓடைகளுக்குச் சிறு பாலம் போட்டு, பிரசவத்துக்கும் அவசரத்துக்கும் ஒரு நர்ஸை அங்கேயே குடியிருத்துவதற்கு எந்த மரத்தையும் வெட்ட வேண்டியதில்லையே! குதிரைக்காரப் பெரியவரை அபிப்பிராயம் கேட்டோம். சாலை வந்தால் முதலில் வேலை போவது அவருக்குத்தான்.

"வரட்டும் சார். எலக்சன் பொட்டி குதுரயில வருது, ரேசன் அரிசி குதுரயில வருது. டாக்டரு மட்டும் குதுரயில வர மாட்டேங்கிறாரு. ரோடு வந்தா வருவாருன்னா, எங் குதுர நிக்கட்டும்" என்றார்.

இரண்டாவது இரவு, ஊருக்கு மேலே, காட்டை ஒட்டிய கடைசித் தோட்டத்தில் தங்கினோம். குளிர் கடுமை. நடுநிசியில் ராணியின் மணி ஒரு தரம் அடித்து நின்றது. கூடாரத்தின் வாயிலைச் சிறிது விலக்கிப் பார்த்தோம். தளையிட்ட மூன்று குதிரைகளும் தத்தி வந்து ராணியை ஒட்டி நின்றுகொண்டிருந்தன. எட்டுக் காதுகளும் ஒரே திசையில். நிலா வெளிச்சத்தில் காப்பிச் செடிகளுக்கு அப்பால் கரும்பாறை ஒன்று இருந்தது, பாறை நகர்ந்தது. காட்டெருமை! முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருந்தது. பெரியவர் போர்வைக்குள்ளிருந்தபடியே மெதுவாக, "பேசாதீங்க, அது பாட்டுக்குப் போயிரும்" என்றார். அது எங்களையும் குதிரைகளையும் சாவகாசமாகப் பார்த்துவிட்டு, இரண்டு வாய் புல்லைத் தின்றுவிட்டு, காட்டுக்குள் போயிற்று. குதிரைகளின் காதுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தபோது எங்களுக்கும் மூச்சு வந்தது. அதன்பிறகு இரண்டு குதிரைகள் படுத்துத் தூங்கின; இரண்டு நின்றுகொண்டே இருந்தன. எல்லாம் ஒரே சமயத்தில் படுப்பதில்லையாம். யாராவது ஒருவர் காவலிருக்க வேண்டும் என்பது அவைகளுக்குள் ஏற்பாடு.

மறுநாள் காலையில் ஏறிய சோலைக்காட்டைப் பற்றி எழுதுவதானால் தனிக் கட்டுரை வேண்டும். பாசி படிந்த மரங்கள், காலடியில் ஈரம், உச்சிக் கிளையில் வாலைத் தொங்கவிட்ட பெரிய மலையணில்—இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறோம். டால்பின் மூக்கு என்று பெயரிட்டிருக்கும் பாறைக்கு வந்ததும் பட்டணத்து இளைஞர் கூட்டமும், அவர்கள் போட்டுவிட்டுப் போன காகிதமும் பாட்டில்களும் எதிர்ப்பட்டன. மேலே வட்டக்கானலில் மோட்டார்கள் வரிசையாக நின்றன.

பெரியவர் பொதிகளை இறக்கினார். சமனுக்காகப் போட்ட கல்லைச் சாக்கிலிருந்து எடுத்து, ஓரமாக வைத்தார். கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு, குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினார். கடையிலிருந்து அவருக்காக எடுத்து வைத்திருந்த சாமான்கள் வந்தன: இரண்டு எரிவாயு உருளைகள், அரிசி மூட்டைகள், ஒரு பெட்டி மண்ணெண்ணெய் விளக்குத் திரி, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ ஒரு ஜமக்காளம். ராணியின் முதுகில் மட்டும் ஒரு பக்கம் அரிசி குறைந்தது. அந்தக் கல்லையே எடுத்து மறுபடியும் சாக்கில் கட்டினார்.

"அந்தம்மா நாளக்கி வீட்டுக்கு வந்துருமாம், போன் வந்துச்சு" என்றான் மருமகன். "மேல ஏத்துறதுக்கு எட்டுப் பேர் வேணும். சாயங்காலத்துக்குள்ள ஊருக்குப் போகணும், மாமா."